முப்பத்திரண்டு கவளம்





தென்பாண்டிக் கடற்கரை முத்துக்குப் பேர்பெற்றது. தண்பொருநை கடலிற் கலந்த இடத்தில் கொற்கை செழித்திருந்த காலத்திலும், கடல் விலகிக் கொற்கை ஒடுங்கியபின் காயல் தலையெடுத்த காலத்திலும், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறித் தூத்துக்குடி முதன்மை பெற்ற காலத்திலும் மன்னார் வளைகுடா முத்து உலகச் சந்தைகளுக்குச் சென்றது. 1961-ஆம் ஆண்டோடு அரசு நடத்திய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. இன்று அக்கரையில் நாம் காண்பவை வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கிய துறைமுகமும், வெண்குன்றுகளாய் உப்புக் குவிந்த அளங்களுமே. உணவைப் பற்றிப் பேச வந்த நாம் முத்தில் தொடங்குவானேன் என்று கேட்பீர்கள். முத்து நமக்கு வேண்டுவதன்று. முத்தை மதிப்பிட்ட முறையே வேண்டுவது.

முத்து வணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்திருந்தனர். முதற் சல்லடையில் இருபது துளைகள். கடைசிச் சல்லடையில் ஆயிரம். துளைகள் பெருகப் பெருக அவற்றின் வாய் சிறுக்கும். இவ்வாறு பருமன் வாரியாகப் பிரித்தபின், ஒவ்வொரு குவியலையும் துணியிற் பரப்பி, உருட்சி, ஒளி, நிறம் ஆகியவற்றை நோக்கித் தரம் பிரிப்பர். குற்றமற்ற உருண்டையும் குன்றாத ஒளியும் உடையது ஆணிமுத்து. அங்கிருந்து படிப்படியாக இறங்கித் தூள்வரை வகைகள் உண்டு. அதன் பின்னரே மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, எடையையும் எண்ணிக்கையையும் கொண்டு 'செவ்வு' என்னும் மதிப்பை வருவிப்பர். எடை ஒன்றாயினும் ஆணிக்கும் தூளுக்கும் விலை ஒன்றாகாது. தராசை மட்டும் நம்பி முத்து வாங்கியவன் அக்கரையில் ஒரு பருவங்கூடத் தாக்குப் பிடித்திருக்க மாட்டான். தராசே வேண்டாம், கண் போதும் என்றவனும் அவ்வாறே.

மேலே செல்லுமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். முத்தைப் புகழ்வது நம் கருத்தன்று. சிப்பிகளைக் கடலடியிலிருந்து வாரி வந்து, கொட்டுகளில் குவித்து, சதை அழுகும்வரை வெயிலிற் கிடத்தி, புழுத்ததை நீரிலிட்டு அலசியே முத்தெடுத்தார்கள். ஒரு முத்துக்கு எத்தனை உயிர் என்று எண்ணினால் நெஞ்சு பதறும். நம் ஆகமம் சிப்பியையும் சங்கையும் ஈரறிவுயிர் என்கிறது. தொல்காப்பியமும் அவ்வாறே வகுத்திருப்பது நாம் அறிந்ததே. அவ்வுயிர்க்கு உள்ள அறிவுகள் இரண்டே: தீண்டுதலும் சுவைத்தலும். கண் இல்லை, செவி இல்லை, மூக்கு இல்லை. உடலும் நாவுமே அதன் உலகம். ஐம்பொறியும் மனமும் வாய்க்கப்பெற்ற மானிடன், உணவு வேளையில் மற்ற நான்கையும் மூடிவிட்டு நாவொன்றையே திறந்து வைப்பானாயின், அந்நேரத்தில் அவன் எத்தனை அறிவுயிராய் வாழ்கின்றான்? இக்கேள்வியை அவரவர் இலைமுன் கேட்டுக்கொள்வது நன்று.

இப்போது தராசின் கதைக்கு வருவோம். அண்மைக் காலமாக நம் இல்லங்களில் புதியதொரு தராசு புகுந்துள்ளது. அதன் பெயர் கலோரி. இளைஞரும் நங்கையரும் கைப்பேசியில் இட்டிலி எத்தனை, சட்டினி எத்தனை கரண்டி என்று பதிகின்றனர். அது உடனே கணக்குச் சொல்கிறது. இது பொய்க்கணக்கன்று. ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்தத் தேவையான ஆற்றலே உணவுக் கணக்கில் ஒரு கலோரி எனப்படுவது. அமெரிக்க நாட்டு அறிஞர் ஆட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உணவுகளை எரித்தும், உண்டவர் உடலை அளந்தும் வகுத்த அளவே இன்றும் வழங்குகிறது: மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9. உழைப்பிற்கு மிஞ்சி உண்டால் உடல் பெருக்கும் என்பதை இக்கணக்கு மறுக்கவொண்ணாதபடி காட்டுகிறது. ஒரு குவளை இனிப்புக் குளம்பியும் நான்கு ரொட்டித் துண்டும் ஒரு வேளைச் சோற்றுக்கு அருகே வந்துவிடுகின்றன என்று அறிந்து திடுக்கிட்டவர் பலர். அத்திடுக்கீடு நல்லதே.

எண்ணி உண்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த பாடம் என்று மட்டும் எவரும் கருதிவிட வேண்டாம். புறத்தவம் ஆறனுள் முதலாவது உண்ணாநோன்பு. இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிறையுமுன் கையெடுத்தல். எங்ஙனம் அறிவது நிறைவை? மூலாசாரம் முதலிய நூல்கள் ஆடவர்க்கு முப்பத்திரண்டு கவளம், மகளிர்க்கு இருபத்தெட்டுக் கவளம் என்று நிறைவுணவை வரையறுக்கின்றன. அதினின்று ஒரு கவளம் குறைத்தாலும் அது தவமே. கவளம் என்பது எவ்வளவு? ஒருவர் கை பெரிது, ஒருவர் வாய் சிறிது என்ற தடை எழுமன்றோ? வீரசேன ஆசாரியர் இயற்றி, கி.பி. 816-இல் நிறைவுற்றதாகக் கொள்ளப்படும் தவளம் என்னும் பேருரை அத்தடையையும் நீக்குகிறது. ஆயிரம் நெல்லரிசி வெந்தால் எவ்வளவு சோறாகுமோ அது ஒரு கவளம்.

ஆயிரம் அரிசியை எண்ணி நிறுக்கப் புகுந்தால் ரகத்துக்கு ரகம் மாறும். சீரகச் சம்பா மிகக் குறைவாக நிற்கும். பருமனான ரகம் 18 கிராம் அளவில் வரும். பருமனான அரிசியைக் கொண்டு கணக்கிட்டால் முப்பத்திரண்டு கவளம் 576 கிராம் அரிசியாகும். 100 கிராமுக்கு 350 கலோரி வீதம் ஏறத்தாழ 2,000 கலோரி. மகளிர்க்கு இருபத்தெட்டுக் கவளம் 504 கிராம். ஏறத்தாழ 1,760 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, உட்கார்ந்து பணி செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி, மகளிர்க்கு 1,660 கலோரி. நம் கணக்கு ரகத்தைப் பொறுத்தது. அதை வைத்து வாதாட வேண்டியதில்லை. ஆயினும் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் உணவுக்கு ஓர் எண் தேவை என்று கண்டவர்கள், அந்த எண்ணையும் இவ்வளவு அருகே கண்டிருக்கிறார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வடபுறத்தே, கரிசற் சீமையில், கழுகுமலைப் பாறை முழுதும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டன. அவற்றின்கீழ் வட்டெழுத்தில் ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் பெயர்களைக் காண்கிறோம். சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க நிவந்தம் விட்ட செய்தியும் அங்கே உண்டு. கல்லில் வெட்டி வைக்கத்தக்க அறமாக அவர்கள் ஒரு வேளைச் சோற்றைக் கருதினர். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்துள் உணவு முன்னிற்பதன் காரணம் அப்பாறையில் நிற்கும்போது தானே விளங்கும். உண்டவர் பேசினார், பேசியது நிலைத்தது.

எண் இருந்தால் போதுமா? இங்குத்தான் நம் முன்னோரின் நுண்மை வெளிப்படுகிறது. அவர்கள் குறையுண்டலோடு நிறுத்தவில்லை. அதே வரிசையில் நான்காவதாக இரசபரித்தியாகம், அதாவது சுவை துறத்தல் என்பதைத் தனித்தவமாக வைத்தனர். கவளம் குறைப்பது ஒரு தவம். கவளத்துள் இருப்பதைத் தெரிந்து விலக்குவது வேறொரு தவம். முன்னதைச் செய்தவர் பின்னதைச் செய்தவர் ஆகார். துறக்கத்தக்கவையாகச் சொல்லப்பட்ட இரசங்கள் ஆறு: பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு. தமிழர் வழக்கமாகச் சொல்லும் இனிப்பு, புளிப்பு முதலான அறுசுவை வேறு. இவை உணவின் சுவையைத் தூண்டி அளவை மீறச் செய்யும் ஆறு பொருள்கள்.

2024-இல் ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு தகாத உணவால் வருவது என்று கூறும் அந்நூல், எண்ணெயையும் கொழுப்பையும் அளவோடு கொள்க, உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துக, சர்க்கரையைச் சுருக்குக என்கிறது. ஆறனுள் நெய், எண்ணெய், வெல்லம், உப்பு நான்கும் அங்கே வந்துவிட்டன. பாலும் தயிரும் மட்டும் நம் போன்ற புலால் மறுத்தோர்க்குத் தேவையான உணவென்று மருத்துவர் கூறுவர்; பி-12 என்னும் உயிர்ச்சத்து நமக்குப் பெரிதும் அவற்றிலிருந்தே கிடைக்கிறது. முனிவர்க்குச் சொன்ன நோன்பை இல்லறத்தார் அப்படியே எடுத்துக்கொண்டு பாலை அறவே விடுவது வேண்டுவதன்று. நாளுக்கொரு இரசம் என்று முறைவைத்து விடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதில் உப்பு நாளும் எண்ணெய் நாளும் கூடுதலாக வரும்படி அமைத்துக்கொண்டால் உடலும் வாழ்த்தும். குஜராத்தினை அடுத்து இந்நாட்டில் மிகுதியாக உப்பு விளைவிப்பது தூத்துக்குடிக் கரை. உப்பு விளையும் ஊரிலும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காதவர் உண்டென்றால், குறை உப்பிடத்தில் இல்லை.

எண் ஒத்திருந்தும் உணவின் தரம் உயிரையே பறித்த கதை ஒன்று நம்மவர் கடல்கடந்த வரலாற்றிலேயே உள்ளது. நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து கப்பலேறித் தமிழர் ஆயிரக்கணக்கில் மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற நாள்கள் அவை. அந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் பரவியது. கால் மரத்து, வீங்கி, நெஞ்சு தளர்ந்து மாண்டவர் எண்ணற்றோர். மாண்டவருள் பெரும்பாலோர் தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர். புழுங்கலரிசி உண்ட தமிழரிடம் அந்நோய் அரிதாயிருந்தது. பிராடன் என்னும் மருத்துவர் இதனை 1907-இல் நூலாக எழுதினார். பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் சாவகத் தீவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளரைப் பிரித்து, ஒரு சாரார்க்கு வெள்ளரிசியும் மறு சாரார்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்து உண்மையை உறுதிப்படுத்தி 1909-இல் வெளியிட்டனர். (சாவகம் என்றது தீவின் பெயர், நம்மைக் குறிக்கும் சொல்லோடு மயங்க வேண்டாம்.)

இரண்டு அரிசியும் நிறையில் ஒன்று, கலோரியில் ஒன்று. தராசு இரண்டையும் ஒன்றெனவே சொல்லியிருக்கும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் உமியும் தவிடும் போனாலும் அது முற்றும் போவதில்லை. அவிக்காமல் தீட்டிய அரிசியில் அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார்க்கு அச்சத்தின் பெயர் தெரியாது. இன்று வெண்மைக்கு மயங்கி, பட்டைதீட்டிய பச்சரிசியைத் தேடி வாங்கும் நமக்கு அப்பெயர் தெரியும், பயன்தான் இல்லை.

இத்துறையில் தமிழ்நாட்டிற்கு இன்னொரு பங்கும் உண்டு. மேற்சொன்ன ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நீலகிரிக் குன்னூரில் மக்காரிசன் என்பவரால் பெரிபெரி ஆய்வாகவே தொடங்கப்பெற்று, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். பஞ்சாபிய உணவுண்டவை நன்கு வளர, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவுண்டவை கடைசியில் நின்றன. பஞ்சாபிய உணவில் எப்போதாவது சிறிது புலாலும் இருந்ததென்பது உண்மை. ஆனால் மக்காரிசன் அதில் சிறப்பித்துப் பேசியவை முழுக்கோதுமை, பால், பருப்பு, கீரை, காய், கனி ஆகியவற்றையே. சிற்றுயிர்களை வருத்திப் பெற்ற அறிவு நமக்கு உவப்பானதன்று. எனினும் வருந்திய உயிர்கள் சொல்லிச் சென்றதைக் கேளாதிருப்பது அவற்றுக்குச் செய்யும் நன்றியுமன்று.

தரம் கெட்டால் அளவும் கெடும் என்பதற்கும் சான்று வந்துவிட்டது. 2019-இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் உடனாய்வாளரும் இருபது பேரைத் தங்கவைத்து, இரு வாரம் ஆலையில் மிகுதியாகப் பக்குவம் செய்த பொட்டல உணவும், இரு வாரம் இயல்பான உணவும் கொடுத்தனர். இரண்டிலும் முன்வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் அனைத்தும் ஒத்தவையே. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றனர். பொட்டல உணவு நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடினர்; மற்ற நாள்களில் அதே அளவு குறைந்தனர். எண்ணுபவன் எண்ணிக்கொண்டே இருக்கட்டும். கையிலிருக்கும் உணவு அவனை எண்ண விடுவதில்லை.

இப்போது நம் அடுக்களையைத் திறந்து பார்ப்போம். நாம் கிழங்கை விலக்குகிறோம், தேனை, மதுவை, ஐவகை அத்திக் கனிகளை விலக்குகிறோம், இரவுணவை விலக்குகிறோம், நீரை வடிகட்டுகிறோம். இவை உயிர்க்கொலை நீக்கும் விலக்குகள். இவற்றைக் காப்பதில் நம் சமூகம் பெருமைப்படலாம். ஆனால் விலக்கப்படாதது எல்லாம் உண்ணத்தக்கது என்று பொருளாகாது. உருளைக்கிழங்கு வறுவலைத் தொடாத வீட்டில் வாழைக்காய் வறுவல் வாளி வாளியாகத் தீர்கிறது. 100 கிராம் வாழைக்காயை அவித்து உண்டால் 120 கலோரி அளவே. அதே எடை வறுவலில் 500-க்கு மேல். இரண்டும் விரதத்திற்கு ஒத்தவையே. விரதம் பிழைத்தது; உடல் பிழைக்கவில்லை.

பொட்டலத்தின்மேல் உள்ள பச்சைப் புள்ளியும் நம்மை ஏமாற்றுகிறது. இந்திய உணவுச் சட்டப்படி தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியன கலந்த பண்டமும் பச்சைப் புள்ளிக்கு உரியதே. கிழங்கு மாவுக்கும் தடையில்லை. ஆகவே அப்புள்ளி சமணர்க்குச் சான்றிதழ் அன்று, நலவாழ்வுக்கும் அன்று. பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படிக்கும் பழக்கம் நம் இல்லங்களில் வர வேண்டும். கலோரி எண்ணுக்கு முன்னால் பொருட்பட்டியலைப் படித்தல் முறை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுற்றவர் என்றது. 2025-இல் அதே ஆய்வின் தொடர்ச்சி, நம் மக்கள் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து, அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றிலிருந்து வருவதைக் காட்டியது. புலாலுண்ணாத நமக்கு அது வராது என்று எண்ணுவார் நம்மிடையே உளர். நம் திருமண விருந்தையும் விழாக்காலப் பந்தியையும் நோக்கினால் அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பது தெரியும். இலையில் மூன்று இனிப்பு. வெள்ளைச் சோறு மலைபோல். பருப்பு நெய்யில் மிதக்கும். கீரையோ இலையோரத்தில் ஒரு விரற்கடை.

கழுகுமலையைச் சூழ்ந்த கரிசல் மண் கம்பும் சோளமும் குதிரைவாலியும் பயறும் விளைவிப்பது. அம்மண்ணில் உருவானதே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லமும் மட்டுமே கொண்ட அப்பண்டம் ஆலை மிட்டாயினும் மேலானது என்பதில் ஐயமில்லை. உடன்குடிக் கருப்பட்டியும் அத்தகையதே. ஆனால் இங்கும் மறுதலையான மயக்கம் ஒன்று உலவுகிறது: "இது நல்ல பொருள், எவ்வளவு தின்றாலும் தீங்கில்லை" என்பது. கருப்பட்டியும் சர்க்கரையே. செக்கிலாட்டிய எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரியே. ஆணிமுத்தையும் நிறுத்துத்தான் விற்றார்கள். வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தில் மருந்தைவிட உணவையே மிகுதியாகப் பேசுகிறார். செரித்தது அறிதல், அளவறிதல், உடலுக்கு ஒவ்வாததை ஒதுக்கல் என மூன்றையும் அங்கே ஒருசேர வைத்தார். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்க்கு அவர் வழி சொல்லவில்லை.

மிக்க கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நம் மகளிரைப் பற்றியது. தேசியக் குடும்பநல ஐந்தாம் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர்க்குக் குருதிச் சோகை உள்ளது. இந்நிலையில் இளநங்கையர் சிலர் கலோரி எண்ணி எண்ணி ஆயிரத்துக்கும் கீழே இறங்கி, அதற்கு "ஒருபோது விரதம்" என்று பெயரிட்டுக் கொள்கின்றனர். பெற்றோரும் பக்தி என்று மகிழ்கின்றனர். மெலிவுக்காகப் பட்டினி கிடப்பது தவமாகாது. வினை நீங்க வேண்டும், புலன் அடங்க வேண்டும் என்ற நோக்கோடு, குருவின்முன் அளவு சொல்லி ஏற்பதே நோன்பு. கண்ணாடிமுன் ஏற்பது நோன்பன்று. அவ்வுடலை வெறுப்பதும் ஒருவகை உடற்பற்றே. இங்ஙனம் சொல்வது அவர்களைக் கடிவதற்கன்று. மகள் தட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தாய் பார்க்க வேண்டும் என்பதற்கே. கீரை, பயறு, எள், வெல்லம் சிறிது, நெல்லிக்கனி ஆகியவை நம் விலக்குகளுள் ஒன்றையும் மீறாதவை. அவற்றால் இரும்புச்சத்துப் பெருகும். சோகை மிகுந்தால் மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும்.

முதியோர் வேறொரு வழியில் இடறுகின்றனர். சர்க்கரைக்கு ஊசி இட்டுக்கொள்பவர் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பிடிவாதமாக நீரும் இன்றிக் கிடந்து மயங்கி விழுகின்றனர். மறுநாட் காலையில் பாரணைக்குப் பாயசமும் வடையும் வந்து, குறைந்த சர்க்கரை ஏணி வைத்து ஏறுகிறது. அவர்களிடம் நூல் காட்டியே பேசலாம். பித்த மிகுதியால் முழு உண்ணாநோன்பைத் தாங்கவியலாதார்க்கு உரியது அவமோதரியம் என்று தவளவுரை அதன் பயனைச் சொல்கிறது. அதாவது நோயுற்றவர்க்கென்றே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதன் வழியே நுழைவது நோன்பிற் குறைவுபடுதல் ஆகாது. எத்தனை கவளம் குறைக்கலாம், ஊசியை எவ்வளவு மாற்றலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது கடமை. கருவுற்ற மகளிர்க்கும் வளரும் பிள்ளைகட்கும் கவளக் குறைப்பே வேண்டா. அவர்கட்கு இரசக் குறைப்பு, அதுவும் சர்க்கரையிலும் எண்ணெயிலும் மட்டும், போதுமானது.

இரவுண்ணாமையும் இத்தொடரில் ஒரு சொல் வேண்டி நிற்கிறது. சூரியன் சாயுமுன் உண்பது உயிர்க்கும் உடற்கும் நன்று. ஆனால் அலுவலகம் விட்டு ஓடிவந்து, பொழுது சாய்வதற்குள் பத்து நிமிடத்தில் மூன்று வேளைக்குரியதை விழுங்கிவிடுவது அவ்விரதத்தின் கருத்தன்று. வயிற்றை நான்காகப் பகுத்து, இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்றுலாவ வெற்றிடம் என்று விதித்தவர்கள் நம் ஆசிரியர்களே. பொழுது நெருங்குமானால் கவளம் குறையட்டும்.

முனிவர் உணவு கொள்ளும் முறைக்கு நூல்கள் சொல்லும் உவமைகள் பல. பூவை வருத்தாத வண்டு ஒன்று. குழியைத் தூர்த்தல் ஒன்று. வண்டியச்சுக்கு எண்ணெயிடுதல் ஒன்று. தூத்துக்குடிக் கரையோர்க்கு மூன்றாவது எளிதில் விளங்கும். உப்பேற்றிய வண்டிகள் பண்டுதொட்டு அளங்களிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்றவை. பொதி கனமானது, வழி நெடியது. அச்சுக்கு எண்ணெய் இடாவிட்டால் வண்டி பாதியில் கத்தி நிற்கும். அளவுக்கு மிஞ்சி இட்டால் வழிந்து மண்ணும் தூசும் அப்பிக்கொள்ளும். சரியான அளவிட்டும் அது கலப்பட எண்ணெயாயின் அச்சுத் தேயும். உமணன் இம்மூன்றையும் ஒரு பார்வையில் அறிவான். வண்டிக்கு எண்ணெயிட்டுக்கொண்டே இருப்பதில் அவனுக்கு மகிழ்ச்சியில்லை. உப்பு சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். நமக்கும் மும்மணிப் பொதி ஒன்று ஏற்றப்பட்டிருக்கிறது.

நிறைவாக, ஆதிபகவன் வரலாற்றில் உள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். ஸ்ரீபுராணத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். இருடபதேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாதிருந்து, பின்பு உணவு ஏற்கப் புறப்பட்டார். மக்கட்கு அவர்மேல் அளவற்ற அன்பு. ஆனால் துறவிக்கு என்ன கொடுப்பது என்று ஒருவரும் அறியவில்லை. பொன் கொணர்ந்தார்கள், மணி கொணர்ந்தார்கள், ஆடையும் யானையும் கொணர்ந்து நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் விட்டு வந்தவர் மௌனமாய் அடுத்த வாயிலுக்கு நடந்தார். இவ்வாறே மேலும் ஆறு திங்கட்கு மேற்பட்டது. அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் என்னும் அரசகுமரனுக்கு முற்பிறப்பில் தான் முனிவர்க்கு உணவளித்தது நினைவில் எழ, அவன் கருப்பஞ்சாற்றைக் கொணர்ந்து வணங்கி அவர் கைகளில் வார்த்தான். அந்நாளே அட்சய திருதியை.

ஊரெல்லாம் அன்று நகைக்கடைமுன் நிற்க, நாம் ஜினாலயங்களில் கருப்பஞ்சாறு வழங்குகிறோம். இவ்வாண்டு அதைச் செய்வோர் சில செய்திகளைக் கருதுக. கரும்பைக் கழுவித் துடைத்து, அன்று காலையிலேயே பிழிந்து, துணியில் வடிகட்டி வழங்குக. பனிக்கட்டி வேண்டா, மேலும் சர்க்கரை வேண்டவே வேண்டா. குவளை சிறியதாயிருக்கட்டும். சர்க்கரை நோயுள்ள முதியவர் கை நீட்டினால் மறுக்காமல், தீர்த்தம் அளிக்கும் சிறு கரண்டியால் ஒருமுறை வார்க்கலாம். இருடபதேவரும் அதைக் கையிலேதான் ஏற்றார்.